எலக்ட்ரானுக்கு வரிசை எண் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிறேன். அண்மையில் அதில் வெளியான மாதிரி வினாக்களில் ஒன்று இது: 'குரோமியம் அணுவின் 19-வது எலக்ட்ரானுக்கு உரிய நான்கு குவாண்டம் எண்கள் யாவை?' முதன்மை எண் 4, கோண உந்த எண் 0, காந்த எண் 0, தற்சுழற்சி எண் +½ என்று விடையும் தந்திருந்தீர்கள். பயிற்சி நூல்களிலும் தேர்வுத்தாள்களிலும் பல காலமாகப் புழங்கிவரும் வினாதான் இது. பக்கத்தைத் தயாரித்தவரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் இந்த வினாவுக்குச் சரியான விடை என்று ஒன்று இருக்க முடியாது. வினாவே பிழையானது.

குரோமியத்தில் 24 எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அவற்றில் 19-வது எது? ஆர்கான் அணுவில் உள்ளதுபோன்ற 18 முடிந்ததும் அடுத்தது 4எஸ்-இல் (முதன்மை எண் 4, கோண உந்த எண் 0 உள்ள நிலையில்) நுழைகிறது, எனவே அதுதான் 19-வது என்று வைத்துக்கொண்டு விடை எழுதுகிறோம். எலக்ட்ரான் அமைப்பை எழுதுவதற்கு நாம் பின்பற்றும் ஒரு வழிமுறையை, அணு உருவான வரலாறாகவே மாணவர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் எலக்ட்ரான்கள் அனைத்தும் ஒன்றுபோலவே இருப்பவை. ஒன்றின் மீது அடையாளம் வைத்து இன்னொன்றிலிருந்து பிரித்தறிய இயற்கையில் வழியே இல்லை. 24 எலக்ட்ரான்களுக்கும் சேர்த்து ஓர் அலைச்சார்பு, அதாவது அவற்றின் நிலையை விவரிக்கும் கணிதச் சார்பு, எழுதினால், அதில் எந்த இரண்டை இடம் மாற்றினாலும் சார்பின் குறி மட்டும் மாறும். அளந்து பார்க்கக்கூடிய எதுவும் மாறாது.

இந்தக் குறிமாற்றம்தான் இயற்பியலாளர் பௌலியின் தவிர்க்கைத் தத்துவத்துக்கு அடிப்படை. இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றை இடம் மாற்றினால் சார்பு மாறாமல் அப்படியே இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே நிலையில்தானே இருக்கின்றன. ஆனால் எலக்ட்ரான்களை இடம் மாற்றினால் குறி மாறியே ஆக வேண்டும். தன் எதிர்க்குறி எண்ணுக்குத் தானே சமமாக இருக்கக்கூடிய எண் சுழி ஒன்றுதான். சார்பு சுழி என்றால் அப்படி ஓர் அமைப்பு இல்லை என்று பொருள். 'ஓர் அணுவில் எந்த இரு எலக்ட்ரான்களுக்கும் நான்கு குவாண்டம் எண்களும் ஒன்றாக இரா' என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்த வாக்கியத்தின் வேர் இது. எலக்ட்ரான்களைப் பிரித்தறிய முடியாது என்பதிலிருந்து பிறந்த தத்துவத்தைப் பாடம் நடத்திவிட்டு, அடுத்த பக்கத்திலேயே '19-வது எலக்ட்ரான்' என்று விரல் நீட்டிக் கேட்பது எப்படிப் பொருந்தும்?

நான்கு எண்களும் நிலைகளுக்கு உரியவை. இன்ன நிலைகள் உண்டு, அவற்றில் இவை நிரம்பியிருக்கின்றன என்பது வரைதான் சொல்ல முடியும். எந்த எலக்ட்ரான் எந்த நிலையில் என்ற கேள்விக்கு இடமில்லை.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். குவாண்டம் எண்களை 'எலக்ட்ரானின் முகவரி' என்று அறிமுகப்படுத்துகிறார்கள். முதன்மை எண் ஊர், அடுத்தது தெரு, அதற்கடுத்தது வீடு, கடைசியில் அறை. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. ஆனால் முகவரி ஓர் ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும். இந்த எண்கள் காட்டாத ஒரே விஷயம் அந்த இடம்தான். ஆற்றல் எவ்வளவு, கோண உந்தம் எவ்வளவு, அந்த உந்தத்தில் ஒரு குறிப்பிட்ட அச்சின் திசையில் எவ்வளவு, தற்சுழற்சி அந்த அச்சில் எந்தப் பக்கம் என்பவற்றைத்தான் இவை சொல்கின்றன. எலக்ட்ரான் எங்கே என்ற கேள்விக்கு நிகழ்தகவுப் பரவல் ஒன்றுதான் பதிலாகக் கிடைக்கும். முகவரி என்று ஆரம்பித்துவிட்டால் அதில் குடியிருப்பவருக்கு ஒரு பெயரும் எண்ணும் தேவைப்படத்தானே செய்யும்! 19-வது எலக்ட்ரான் அப்படித்தான் பிறக்கிறது.

எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலிலேயே காட்டிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. அவை வந்தது ஒளியிலிருந்து. பாசல் நகரில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பித்த யோகான் பால்மர், 1885-இல் ஹைட்ரஜன் நிறமாலையின் நான்கு கோடுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். 656.3, 486.1, 434.0, 410.2 நானோமீட்டர். சிவப்பு, நீலப்பச்சை, பிறகு இரண்டு ஊதா. 364.56 என்ற ஒரே எண்ணை 9/5, 16/12, 25/21, 36/32 ஆகிய பின்னங்களால் பெருக்கினால் நான்கும் வரிசையாகக் கிடைத்துவிடுகின்றன. மேலே 3, 4, 5, 6 ஆகியவற்றின் வர்க்கங்கள். கீழே அவற்றிலிருந்து 4 குறைவு. காரணம் அவருக்குத் தெரியாது. அணுவின் உள்ளமைப்பு பற்றி அன்று யாருக்குமே தெரியாது. எலக்ட்ரானே 1897-இல்தான் கண்டறியப்பட்டது. ஆயினும் அந்த 3, 4, 5, 6 என்பவைதான் நாம் இன்று முதன்மை குவாண்டம் எண் என்று சொல்பவை. ஒரு பள்ளி ஆசிரியர் அறுபது வயதில் செய்த வேலை இது. என் மாணவிகளிடம் இதைச் சொல்லாமல் ஒருமுறைகூட நான் அந்தப் பாடத்தைத் தொடங்கியதில்லை.

1913-இல் நீல்ஸ் போர் அதற்குக் காரணம் சொன்னார். ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்கள் 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை (அணு அளவிலான ஆற்றலின் அலகு இது) முதன்மை எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கின்றன, கழித்தல் குறியோடு. இரண்டாம் மட்டத்துக்கு 3.40, மூன்றாம் மட்டத்துக்கு 1.51. வித்தியாசம் 1.89. ஒளியின் அலைநீளம் நானோமீட்டரில் வேண்டுமானால் 1240-ஐ இந்த வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 656 வருகிறது. பால்மரின் சிவப்புக் கோடு. காகிதமும் பென்சிலும் இருந்தால் பத்தாம் வகுப்பு மாணவரே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஆய்வகத்தை இருட்டாக்கி ஹைட்ரஜன் மின்னிறக்கக் குழாயை எரியவிட்டால் வெறும் கண்ணுக்கு அது ஒரே இளஞ்சிவப்பாகத்தான் தெரியும். ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணியைக் கண்ணருகே பிடித்ததும் அந்த இளஞ்சிவப்பு மறைந்து, கருமையின் நடுவே தனித்தனியாகக் கோடுகள் நிற்கும். சிவப்பும் நீலப்பச்சையும் பளிச்சென்று இருக்கும். ஊதாவை உற்றுப்பார்த்தால்தான் பிடிபடும். கோடுகளுக்கு இடையே நிறமே இல்லாததைப் பார்த்த பிள்ளைக்கு 'ஆற்றல் தொடர்ச்சியாக மாறாது, படிப்படியாகத்தான் மாறும்' என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இதைப் பார்க்காமலேயே எத்தனையோ பேர் குவாண்டம் எண் அட்டவணையை நிரப்பித் தேர்ச்சி பெற்றுப் போகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

இரண்டாம் எண்ணான கோண உந்த எண்ணுக்கு என்ன வேலை என்பதை ஹைட்ரஜன் எளிதில் காட்டிக்கொடுக்காது. எஸ், பி, டி என்ற எழுத்துகள் அந்த எண் 0, 1, 2 என்பதைக் குறிப்பவை. மிக நுண்ணிய பிளவுகளை ஒதுக்கிவிட்டால் 3எஸ், 3பி, 3டி மூன்றும் அங்கே ஒரே ஆற்றல்தான், 1.51. சோடியத்துக்கு வாருங்கள். அதன் வெளிக்கூட்டு எலக்ட்ரானை 3எஸ் நிலையிலிருந்து விடுவிக்க 5.14 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். 3பி நிலையிலிருந்து 3.04. 3டி நிலையிலிருந்து 1.52. முதன்மை எண் மூன்றிலும் 3-தான், ஆற்றலோ மூன்று விதம். அணுக்கருவில் 11 புரோட்டான்கள், அதைச் சுற்றி உள்கூடுகளில் 10 எலக்ட்ரான்கள். 3எஸ் அலை அந்தப் பத்தின் மறைப்பைத் தாண்டி அணுக்கருவின் அருகே வரை ஊடுருவுகிறது, ஆகவே இறுக்கமாகப் பிணைக்கப்படுகிறது. 3பி அந்த அளவு ஊடுருவாது. 3டி ஏறத்தாழ வெளியிலேயே நின்றுவிடுகிறது. அதன் பார்வையில் உள்ளே இருப்பது 11-இல் 10 போக மிச்சம் ஒன்று, அதாவது ஒரு ஹைட்ரஜன் அணுக்கரு. அதனால்தான் ஹைட்ரஜனின் 1.51-க்குப் பக்கத்திலேயே 1.52 என்று வந்து நிற்கிறது. பாடம் நடத்திய காலமெல்லாம் இந்த மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதும்போது எனக்கு ஒரு பூரிப்பு வரும். 5.14-இலிருந்து 3.04-ஐக் கழித்தால் 2.10. 1240-ஐ அதனால் வகுத்தால் 590. சோடியம் விளக்கின் மஞ்சள் நிறம் அது.

கோண உந்த எண் ஏன் முதன்மை எண்ணைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும்? 'சுழியிலிருந்து முதன்மை எண்ணுக்கு ஒன்று குறைவு வரை' என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். 'ஏன் டீச்சர், 2டி இருந்தால் என்ன?' என்று ஒருமுறை ஒரு மாணவி எழுந்து கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி. ஷ்ரோடிங்கர் 1926-இல் தந்த சமன்பாட்டின் தீர்வுகளில் அலை சுழியாகிவிடும் பரப்புகள் உண்டு, கணுக்கள் என்கிறோம். மொத்தக் கணுக்கள் முதன்மை எண்ணைவிட ஒன்று குறைவு. அவற்றில் கோண உந்த எண் எவ்வளவோ அத்தனை கணுக்கள் திசையைப் பொறுத்தவை, அணுக்கருவின் வழியாகச் செல்பவை. மீதியெல்லாம் அணுக்கருவைச் சுற்றிய கோளப் பரப்புகள். 3எஸ்-க்குக் கோளக் கணுக்கள் இரண்டு. 3பி-க்குக் கோளம் ஒன்று, திசைக்கணு ஒன்று. 3டி-க்கு இரண்டுமே திசைக்கணுக்கள். இரண்டாம் மட்டத்தில் மொத்தக் கணுவே ஒன்றுதான் என்னும்போது டி-க்கு வேண்டிய இரண்டுக்கு எங்கே போவது? எல்லை வகுப்பது ஒரு விதியல்ல, அலையின் வடிவம். இதைச் சொன்ன பிறகு யாரும் 2டி, 3எஃப் என்று எழுதிக்கொண்டு வரமாட்டார்கள்.

மூன்றாம் எண்ணில் ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். பி நிலையின் மொத்தக் கோண உந்தம், சுருக்கிய பிளாங்க் மாறிலியின் அலகில், இரண்டின் வர்க்கமூலம், அதாவது 1.414. ஆனால் நாம் தேர்ந்தெடுக்கும் அச்சில் அதன் கூறு +1, 0, −1 என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். 1.414 வராது. முழுவதும் அந்த அச்சின் வழியே நின்றுவிட்டால் மற்ற இரு கூறுகளும் துல்லியமாகச் சுழி என்று ஆகிவிடும், அதைக் குவாண்டம் இயற்பியல் அனுமதிக்காது. தேர்வுகளில் கிடைமட்ட அச்சுகளில் நீளும் இரண்டு பி ஆர்பிட்டால்களில் (எலக்ட்ரான் அலையின் வடிவங்களில்) ஒன்றுக்கு +1, மற்றதற்கு −1 என்று ஒதுக்கிக் கேட்கிறார்களே, அதுவும் தவறு. தேர்ந்தெடுத்த அச்சில் நீளும் பி ஆர்பிட்டாலுக்கு மட்டும் 0 என்று உறுதியாகச் சொல்லலாம். மற்ற இரண்டும் +1, −1 நிலைகள் சரிசமமாகக் கலந்தவை.

நான்காம் எண்ணின் வரலாறு வேறு மாதிரி. முதல் மூன்றும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிலிருந்து தாமாகவே வந்துவிடுகின்றன. இது வரவில்லை. 1922-இல் பிராங்பர்ட்டில் ஓட்டோ ஸ்டெர்னும் வால்டர் கெர்லாக்கும் வெள்ளியை உலையில் ஆவியாக்கி, மெல்லிய கற்றையாகச் சீரற்ற காந்தப்புலத்தின் ஊடே செலுத்தினார்கள். கண்ணாடித் தகட்டில் படிந்த வெள்ளி இரண்டாகப் பிரிந்திருந்தது. அந்தப் படத்தை அஞ்சலட்டையில் ஒட்டி நீல்ஸ் போருக்கு அனுப்பிவைத்தார் கெர்லாக். கோண உந்த எண் முழு எண்ணாக இருக்கும்வரை பிரிவுகளின் எண்ணிக்கை 1, 3, 5 என்று ஒற்றைப்படையாகத்தான் வரும். வெள்ளியின் வெளிக்கூட்டு எலக்ட்ரான் 5எஸ்-இல் இருப்பது, அதற்குச் சுற்றுப்பாதைக் கோண உந்தமே கிடையாது. அப்படியானால் இரண்டு எப்படி? அந்த இரண்டின் முழுப் பொருளும் அன்று யாருக்கும் விளங்கவில்லை.

1925-இல் பௌலி நான்காவதாக ஓர் இரு மதிப்பு எண் வேண்டும் என்றார், அதற்குப் படம் எதையும் தர மறுத்தார். எலக்ட்ரான் தன்னைத்தானே சுற்றுகிறது என்ற எண்ணம் அதே ஆண்டில் ரால்ஃப் குரோனிக் என்ற இளம் இயற்பியலாளருக்குத் தோன்றியது. பௌலி அதை ஏற்கவில்லை, குரோனிக் வெளியிடாமல் விட்டுவிட்டார். சில மாதங்களில் லெய்டனில் உலன்பெக், கவுட்ஸ்மிட் என்ற இரு இளைஞர்கள் அதையே எழுதி, தம் ஆசிரியர் எரன்ஃபெஸ்ட்டிடம் கொடுத்தார்கள். பிறகு மூத்த இயற்பியலாளரான லொரென்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். எலக்ட்ரான் உண்மையிலேயே ஒரு சிறு கோளமாகச் சுழன்றால் அதன் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாகப் போக வேண்டியிருக்கும்! இளைஞர்கள் பதறிப்போய்க் கட்டுரையைத் திரும்பப் பெறக் கேட்டபோது எரன்ஃபெஸ்ட் அதை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார். லொரென்ட்ஸின் கணக்கும் சரி, அவர்கள் தந்த ½ என்ற எண்ணும் சரி. பிழை அந்தச் சுழலும் கோளத்தின் படத்தில்தான். 1928-இல் டிராக் சார்பியலுக்கு ஒத்துவரும் சமன்பாட்டை எழுதியபோது, யாரும் கூப்பிடாமலேயே அந்த ½ அதற்குள்ளிருந்து வெளியே வந்தது. இன்றும் பாடங்களில் சுழலும் கோளத்துக்கு மேலும் கீழும் அம்புக்குறி போட்டுத்தான் காட்டுகிறோம்.

இந்த நான்கு எண்களின் தொகுப்புகூட மாற்ற முடியாதது அல்ல. சோடியத்தின் மஞ்சளை நல்ல கீற்றணி பொருத்திய நிறமாலைமானியில் பார்த்தால் ஒரு கோடு இரண்டாகும், 589.0 என்றும் 589.6 என்றும். தற்சுழற்சியும் சுற்றுப்பாதை உந்தமும் ஒன்றையொன்று காந்தவிசையால் பாதிப்பதால் 3பி நிலை இரண்டாகப் பிரிகிறது. அங்கே காந்த எண்ணும் தற்சுழற்சி எண்ணும் தனித்தனியே நிலைப்பதில்லை; இரண்டு உந்தங்களும் சேர்ந்த மொத்த உந்தத்தைக் குறிக்கும் எண்தான் நிலைக்கிறது, அதன் மதிப்பு 1½ அல்லது ½. இரண்டு மதிப்பு என்பதால் இரண்டு கோடு. எந்த எண்கள் நிலைக்கின்றன என்பதை அணுவைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

குரோமியத்துக்குத் திரும்பி வருகிறேன். அதைப் பற்றிக் கேட்கச் சரியான வினாக்கள் எத்தனையோ இருக்கின்றன. 3டி-யில் ஐந்து, 4எஸ்-இல் ஒன்று, ஆக இணைசேராத எலக்ட்ரான்கள் ஆறு. ஆறின் தற்சுழற்சியும் ஒரே பக்கம் சேர்ந்தால் மொத்தத் தற்சுழற்சி எண் 3. சுற்றுப்பாதைப் பங்கு சுழி. அப்படியானால் அந்த அணு காந்தப்புலத்தில் எத்தனை மட்டங்களாகப் பிரியும்? ஏழு. இது அளந்து சரிபார்க்கக்கூடிய விடை, எந்த எலக்ட்ரான் எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அதேபோல் '4எஸ் முதலில் நிரம்புகிறது' என்பதை எல்லா அணுவுக்கும் பொதுவான ஆற்றல் வரிசையாகச் சொல்லாதீர்கள். ஸ்காண்டியத்திலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை நீக்கினால் போவது 4எஸ் இரண்டும், எஞ்சி நிற்பது ஒரு 3டி.

மாணவர் பக்கத்தில் அடுத்த முறை '19-வது எலக்ட்ரான்' வினாவுக்குப் பதிலாகக் கீழ்க்கண்டதை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சோடியத்தின் 5.14, 3.04, 1.52 என்ற மூன்று எண்களையும் பக்கத்தில் அச்சிட்டுவிடுங்கள். 3டி-யிலிருந்து 3பி-க்கு இறங்கும்போது வெளிவரும் ஒளியின் அலைநீளம் எவ்வளவு, அது கண்ணுக்குத் தெரியுமா? 3டி-யிலிருந்து நேராக 3எஸ்-க்கு இறங்கினால் எவ்வளவு? முதலாவது 816 நானோமீட்டருக்கு அருகே, அகச்சிவப்பில் வரும். இரண்டாவது 343-க்கு அருகே புற ஊதாவில் வர வேண்டும், ஆனால் விளக்கின் சாதாரண நிறமாலையில் அந்தக் கோட்டைக் காண முடியாது. ஏன் காணோம் என்பதை மாணவர்களே யோசித்து எழுதட்டும். ஒளியின் ஒரு துகள் தன்னோடு ஓர் அலகு கோண உந்தத்தைக் கொண்டுபோகிறது, ஆகவே ஒரு தாவலில் கோண உந்த எண் ஒன்றுதான் மாறலாம் என்ற குறிப்பை மட்டும் தலைகீழாக அச்சிட்டு ஓரத்தில் போட்டால் போதும். வரும் விடைகளைத் திருத்தித் தர ஆள் வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள், மகிழ்ச்சியோடு செய்து தருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை